எச்சிலும் எச்சமும்

சென்ற ஆவணியிலே, நல்லூர்த் திருவிழாக் காலத்தில், ரொறன்ரோவில் வாழும் என் தமக்கையாரின் மகன் பல ஆண்டுகளுக்குப் பின் ஊருக்கு வந்திருந்தான். வந்தவன் பெட்டியைத் திறந்து, சவர்க்காரம், சொக்கலேற், எனக்கென ஒரு பேனை என ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தபின், ஈற்றில் ஒரு சிறு கடதாசிப் பெட்டியை என்னிடம் நீட்டினான். அதனுள்ளே ஒரு பிளாஸ்ரிக் குழாய் இருந்தது.

“மாமா, காலமை எழும்பி ஒண்டும் சாப்பிடாமல், இந்தக் கோடு மட்டும் துப்பித் தாங்கோ. மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்” என்றான்.

“துப்புவதற்கோ கனடாவிலிருந்து குழாய் கொண்டு வந்தனி?” என்று நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

விடயம் இதுதான். முந்திய ஆண்டு அவன் தன் உமிழ்நீரை அங்குள்ள ஒரு கம்பனிக்கு அனுப்பியிருந்தான். அவர்கள் இரண்டினை அனுப்பிவைத்தனர். முன்னோர் எந்நாட்டினர் என்று நூற்றுவீதக் கணக்கிலே கூறும் ஓர் அட்டவணை ஒன்று. அக்கம்பனிக்கு எச்சில் கொடுத்தவர்களுள் அவனுக்கு உறவினராவார் யாவர் என்னும் பட்டியல் மற்றொன்று. அப்பட்டியலின் தலையிலே எங்களுள் எவரும் கேட்டறியாத ஒருவருடைய பெயர் இருந்தது. மைத்துனர் முறையினர், அன்றி அதற்கு ஒத்த நெருக்கமுடையவர் என்று குறித்திருந்தது. அவர் தாய்வழியினரா, தந்தைவழியினரா என்று மருமகனுக்கு அறிய வேண்டும். என் தமக்கையார் இன்று இல்லை. ஆகவே என் எச்சில்தான் அதற்கு விடை கூறவல்லது. விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் இருந்த என் தாயாரை ஒருமுறை நோக்கினேன். “யோசித்துச் சொல்கிறேன்” என்று கூறிக் குழாயை அலுமாரியிலே நிகண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மருமகனுடைய சம்மதம் பெற்றே இதனை எழுதுகின்றேன். ஊர், உறவுமுறை, காலம் என்பவற்றுட் சிலவற்றை வேண்டுமென்றே மாற்றியும் இருக்கின்றேன். மாற்றியதன் காரணம் பின்னர் விளங்கும்.

எச்சில் என்பதும் எச்சம் என்பதும் ‘எஞ்சுதல்’ என்னும் ஒரே பொருளின் வழி வந்த சொற்கள். உண்டு எஞ்சியது எச்சில். ஒருவர் வாழ்ந்து எஞ்சியது எச்சம். நடுவுநிலைமை அதிகாரத்திலே வரும் ‘எச்சம்’ என்னுஞ் சொல்லுக்குப் பரிமேலழகர் மக்கள் என்றே பொருள் கொண்டார். எச்சிலைப் பார்த்து எச்சத்தை அறியும் ஒரு காலம் வருமென்று அவர் கருதியிருக்கமாட்டார். அக்காலத்திலேதான் நாம் இன்று வாழ்கின்றோம்.

எச்சிலில் அப்படி என்ன இருக்கின்றது? உமிழ்நீரோடு வாயின் உட்புறத்துக் கலங்களும் கலந்து வருகின்றன. ஒவ்வொரு கலத்தின் கருவிலும் 23 சோடி நிறமூர்த்தங்கள் உள. அவற்றிலே பரம்பரைச் செய்தி ஏறக்குறைய 300 கோடி எழுத்துகளால் எழுதப்பட்டுள்ளது. நமது நெடுங்கணக்கிலே எழுத்து 247. அந்நூலுக்கோ நான்கே எழுத்து. கம்பனிகள் அந்நூல் முழுவதையும் படிப்பதில்லை. மனிதருக்கு மனிதர் வேறுபடும் இடங்களுள் சில இலட்சம் இடங்களை மட்டும் படிக்கின்றன. ஒருவரை இன்னாரென்று அறிய அதுவே வேண்டிய அளவுக்கு மேலானது.

இனி, அந்நூல் எவருக்கும் தனியுடைமை அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். பிள்ளையின் நூலிற் பாதி தாயினுடையது, பாதி தந்தையினுடையது. உடன்பிறந்தார் சராசரியாக அரைப்பங்கும், மாமனும் மருமகனும் காற்பங்கும், உடன்பிறந்தாரின் பிள்ளைகள் தம்முள் எட்டிலொரு பங்கும் ஒத்திருப்பர். ஆகவே என் மருமகன் ரொறன்ரோவிலே குழாயிற் துப்பியபொழுது, என்னிற் காற்பங்கையும் சேர்த்தே துப்பினான். என்னை எவரும் கேட்கவில்லை. காலஞ்சென்ற என் தமக்கையாரையும் கேட்கவில்லை, கேட்கவும் இயலாது. இலக்கணத்திலே எச்சம் என்பது தான் முடியாது நின்று வேறொரு சொல்லைக் கொண்டு முடிவது. மருமகனின் பட்டியலும் அத்தகைய ஓர் எச்சமே. அஃது என்னைக் கொண்டு முடிவதற்குக் காத்து நிற்கின்றது.

இவ்வியாபாரம் தொடங்கி நெடுங்காலம் ஆகவில்லை. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவிலே கலிபோர்னியாவில் ‘ருவென்ரி திறீ அன்ட் மீ’ என்னும் கம்பனி நிறுவப்பட்டது. ‘இருபத்து மூன்றும் நானும்’ என்பது அப்பெயரின் பொருள். நிறமூர்த்தச் சோடிகளின் தொகையையே பெயராக வைத்தனர். 2007இல் 999 டொலருக்கு விற்ற சோதனை, 2012இல் 99 டொலராயிற்று. விலை இறங்கவே கூட்டம் ஏறிற்று. நத்தார்ப் பரிசாகவும் பிறந்தநாட் பரிசாகவும் குழாய்கள் வீடுதோறும் சென்றன. காலப்போக்கில் 1 கோடியே 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அக்கம்பனிக்குத் தம் எச்சிலைக் கொடுத்தனர். 2018இல் பெரியதொரு மருந்துக் கம்பனியான கிளாக்ஸோ ஸ்மித் கிளைன் 30 கோடி டொலரை அதிலே முதலிட்டது. மக்கள் காசு கொடுத்து வாங்கியது சோதனை. கம்பனியிடம் சேர்ந்தது களஞ்சியம். விலை மதிப்புடையது பின்னதே என்பது அப்பொழுதே விளங்கியிருக்க வேண்டும்.

2023 ஐப்பசியிலே அக்களஞ்சியத்திற் களவு போனமை வெளிப்பட்டது. களவு நடந்த விதம் நம் மாணவர்களும் அறியத்தக்கது. பலர் ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களிலும் பயன்படுத்துவர். வேறிடங்களிற் களவு போன கடவுச்சொற்களைத் திரட்டி, அவற்றை இங்கே ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தனர் திருடர். ஏறக்குறைய 14,000 கணக்குகள் திறந்தன. ஆனால் ஒவ்வொரு கணக்கினூடாகவும் அவரவர் உறவினர் பட்டியல் தெரியும் அன்றோ? அவ்வழியே சென்று ஏறக்குறைய 69 இலட்சம் பேரின் விவரங்களை அள்ளினர். பதினாலாயிரம் பேரின் கவனக்குறைவுக்கு அறுபத்தொன்பது இலட்சம் பேர் இழப்பு அடைந்தனர். அவருட் பெரும்பாலார் தம் கதவை ஒழுங்காகவே பூட்டி வைத்தவர்கள். உறவினர் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. இதனினும் அச்சந் தருவது வேறொன்று. யூதரென்றும் சீனரென்றும் வமிசம் பிரித்துப் பட்டியலிட்டு அவ்விவரங்களை விற்பனைக்கு வைத்தனர். ஒரு வமிசத்தாரைப் பட்டியலாக எழுதி வைத்திருப்பதனால் வரக்கூடிய தீமை யாதென்று நம் நாட்டவருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2025 ஆனியிலே பிரித்தானியாவின் தகவல் ஆணையாளர் இக்குறைபாட்டிற்காக அக்கம்பனிக்கு 23 இலட்சத்து 10 ஆயிரம் பவுண் தண்டம் விதித்தார்.

அதற்கு முன்னரே கம்பனி விழுந்துவிட்டது. ஒருமுறை துப்பியவர் மறுமுறை துப்ப வேண்டியதில்லை ஆதலின், வருவாய் நிலைக்கவில்லை. 2025 பங்குனி 23ஆம் நாள் மிசூரி மாநிலத்து நீதிமன்றில் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தனர். வங்குரோத்தான கடையிலே கடன்காரருக்காக ஏலம் போடப்படுவன மேசை, கதிரை, இருப்புச் சரக்கு. இக்கடையின் இருப்புச் சரக்கோ கோடிக்கணக்கான மக்களின் வமிச இரகசியம். கலிபோர்னியாச் சட்டமா அதிபர், தம் விவரங்களை அழித்துவிடுமாறு கம்பனியைக் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டென்று பகிரங்கமாக நினைவூட்டினார். சில மாதங்களுள் 19 இலட்சம் வரையானோர் அவ்வாறு கேட்டனர். ஒவ்வொருவரின் வெளிப்படையான சம்மதம் இன்றி விற்றலாகாதென்று இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. ஏலத்திலே முதலில் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கம்பனி 25 கோடியே 60 இலட்சம் டொலர் கேட்டது. பின்னர், கம்பனியை நிறுவியவர்களுள் ஒருவரான ஆன் வொஜிஸ்கி அம்மையார் அமைத்த இலாபநோக்கற்ற நிறுவகம் 30 கோடியே 50 இலட்சம் கேட்டு, நீதிமன்றின் அனுமதியுடன் அவ்வாண்டு ஆடியிலே வாங்கிக்கொண்டது. பழைய வாக்குறுதிகளைக் காப்போம் என்று அவர்கள் கூறினர், காக்கவுங்கூடும். ஆயினும் ஒன்று தெளிவாயிற்று. நாம் ஒருவரை நம்பி எச்சிலைக் கொடுக்கின்றோம். அது பின்னர் யார் கைக்குப் போகும் என்பது நாம் தீர்மானிப்பதன்று.

“நான் குற்றம் செய்யாதவன், எனக்கென்ன மறைவு?” என்று சிலர் வினவுவர். அவர்களுக்கு வேறொரு கதை உண்டு. 1970களிலும் 80களிலும் கலிபோர்னியாவிலே பதின்மூவரைக் கொன்று, பல பெண்களைக் கெடுத்த கொடியவன் ஒருவன் நாற்பது ஆண்டுகள் வரை அகப்படாதிருந்தான். 2018 சித்திரையிலே பொலிசார் அவனைப் பிடித்தனர். முன்னாட் பொலிஸ்காரனான யோசேப்பு டி ஏஞ்சலோ என்பவனே அவன். குற்றம் நிகழ்ந்த இடத்திற் கிடைத்த பழைய தடயத்தின் பரம்பரை விவரத்தை, வமிச ஆராய்ச்சியில் ஈடுபாடுடைய மக்கள் தாமே விரும்பித் தம் விவரங்களை இட்டுவைக்கும் ‘ஜெட்மெட்ச்’ என்னுங் களஞ்சியத்தில் இட்டுப் பார்த்தனர். தூரத்து உறவினர் சிலர் அகப்பட்டனர். அவர்களிலிருந்து குடும்ப மரத்தை வரைந்து வரைந்து அவன் வாசலுக்கு வந்து சேர்ந்தனர். 2020இல் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுட்சிறை பெற்றான்.

இதனைக் கேட்டு மகிழாதார் யார்? நானும் மகிழ்ந்தேன். ஆயினும் அக்களஞ்சியத்திலே தம் விவரத்தை இட்டவர்கள், பாட்டன் பூட்டன் யாரென அறிய இட்டார்களேயன்றித் தம் சுற்றத்தாரைப் பொலிசாருக்குக் காட்டிக்கொடுக்க இட்டாரல்லர். 2018ஆம் ஆண்டிலேயே ‘சயன்ஸ்’ என்னும் ஆராய்ச்சிச் சஞ்சிகையில் ஒரு கணக்கு வெளியாயிற்று. 13 இலட்சம் பேரின் விவரத்தைக் கொண்டு பார்த்ததில், ஐரோப்பிய வமிசத்து அமெரிக்கருள் நூற்றுக்கு 60 பேர் வரை மூன்றாந் தலைமுறை ஒன்றுவிட்ட சகோதரர் அளவிலோ அதனினும் நெருக்கமாகவோ ஓர் உறவினர் மூலம் அகப்படுவர் என்பது அக்கணக்கு. தாம் துப்பாதவர்களும் அகப்படுவர். இன்று அவ்வழியே கொலைகாரனைத் தேடுகின்றனர். நாளை வேறோர் அரசு, வேறொரு நாட்டிலே, யாரைத் தேடும்?

“பெயரை நீக்கிவிட்டே ஆராய்ச்சிக்குக் கொடுக்கின்றோம்” என்பது கம்பனிகள் கூறும் சமாதானம். பண்டிதர்களாகிய நமக்கு இஃது பழைய வழக்கு. அகத்திணையிலே சுட்டி ஒருவர் பெயர் கூறலாகாது என்பது தொல்காப்பியர் விதி. காதலிப்பாரின் உள்ளத்து நிகழ்ச்சி இன்னாருடையதென்று ஊரறியச் சுட்டப்பட்டால், அஃது அகமாகாது என்பது அக்கால அறம். நெடுநல்வாடையிலே நக்கீரர் தலைவன் பெயரைச் சொல்லவில்லை. ஆயினும் வேலின் தலையிலே வேப்பமாலை சூட்டப்பட்டிருந்தமையைச் சொல்லிவிட்டார். வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அந்த ஓர் அடையாளத்தாலே தலைவன் இன்னானெனத் தெரிந்துவிட்டமையின் பாட்டு அகமாகாது புறமாயிற்று என்று நச்சினார்க்கினியர் தீர்ப்புக் கூறினார். பெயரை நீக்குதல் போதாது. அடையாளமும் நீங்க வேண்டும் என்பது அவ்வுரையாற் பெறப்படும்.

இத்தீர்ப்பையே விஞ்ஞானிகள் 2013இல் வேறு மொழியிற் கூறினர். ஆராய்ச்சிக்கெனப் பெயர் நீக்கி வெளியிடப்பட்ட பரம்பரை விவரங்களை எடுத்து, தந்தைவழி இறங்கும் வை நிறமூர்த்தத்தைப் பொதுமக்களின் வமிசக் களஞ்சியங்களோடு ஒப்பிட்டுக் குடும்பப் பெயரைக் கண்டனர். மேனாட்டிலே குடும்பப் பெயரும் தந்தைவழியே இறங்குவது அன்றோ? பின்னர் வயதையும் மாநிலத்தையுஞ் சேர்த்து, ஏறக்குறைய ஐம்பது பேரை இன்னார் இன்னாரென்று அறிந்துகொண்டனர். உடம்பின் எழுத்திலே ஒவ்வோர் இடமும் ஒரு வேப்பம்பூ. எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டால் ஆராய்வதற்கு ஒன்றும் மிஞ்சாது.

சட்டம் காக்காதா எனின், ஓரளவு காக்கும். அமெரிக்காவிலே 2008ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பரம்பரை விவரத்தைக் கொண்டு தொழில் கொடுப்போரும் மருத்துவக் காப்புறுதியாரும் பாகுபாடு காட்டுதலைத் தடுக்கின்றது. ஆயுட்காப்புறுதியை அது தொடவில்லை. வைத்தியசாலையில் நோயாளரின் இரகசியத்தைக் காக்கும் சட்டம், பொதுவாக இக்கம்பனிகளைக் கட்டுவதில்லை. அவை வைத்தியசாலைகள் அல்லவாம். கனடாவிலே 2017இல் இயற்றப்பட்ட சட்டம் இன்னும் விரிவானது. அதனை 2020இல் அந்நாட்டு உயர் நீதிமன்றமும் நிலைநிறுத்தியது. பிரான்சிலோ வைத்தியர், நீதிமன்றம், ஆராய்ச்சி என்னும் வழிகளின்றி ஒருவர் தாமே இச்சோதனையைச் செய்வித்தலே குற்றம். நம் நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பரம்பரை விவரத்தைத் தனிக்காவல் வேண்டும் வகையிலே சேர்த்திருக்கின்றது. ஆயினும் இச்சட்டங்களிற் பெரும்பாலன ஒருவரைத் தனியாளாகக் கருதியே பேசுகின்றன. துப்பியவன் சம்மதித்தான், ஆகவே எல்லாம் சரி என்பது அவற்றின் போக்கு.

அவ்வாறன்றிக் குடும்பத்தை நோக்கிய ஒரு தீர்ப்பு ஐஸ்லாந்து நாட்டிலே உண்டு. அங்கே 1998இல், நாட்டு மக்கள் அனைவரின் வைத்தியப் பதிவுகளையும் ஒரே களஞ்சியமாக்க ஒரு சட்டம் செய்து, பின்னர் டிகோட் என்னும் தனியார் கம்பனிக்கு அவ்வுரிமையைக் கொடுத்தனர். மறுப்போர் மறுக்கலாம், வாளாவிருப்போர் சம்மதித்தோராவர். ஒரு பெண், காலஞ்சென்ற தன் தந்தையின் பதிவுகளைச் சேர்க்கலாகாது என்றாள். இறந்தவர் சார்பிலே மறுக்க உனக்கு உரிமையில்லை என்றனர் அதிகாரிகள். அவள் விடவில்லை. 2003 கார்த்திகையிலே அந்நாட்டு உயர் நீதிமன்றம் அவள் பக்கமே தீர்ப்பளித்தது. தந்தையின் பரம்பரை இயல்புகளிலிருந்து மகளின் இயல்பை ஊகித்தறியலாம் ஆதலின், மறுக்கும் உரிமை அவளுக்கே உரியது என்பது தீர்ப்பின் சாரம். அக்களஞ்சியம் கட்டப்படவே இல்லை. அக்கம்பனியும் 2009இல் வங்குரோத்தாகி, 2012இல் ஓர் அமெரிக்கக் கம்பனிக்கு 41 கோடியே 50 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. தந்தையின் எழுத்து மகளின் எழுத்துமாகும் என்று ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது பெரிய காரியம்.

நான் விஞ்ஞானத்துக்குப் பகைவன் அல்லேன். மார்புப் புற்றுநோய் வழிவழி வரும் குடும்பத்துப் பெண்கள், வைத்தியர் ஆலோசனையோடு சோதித்து உயிர் தப்புகின்றனர். பிறந்தவுடன் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் முதுமையிலே தாயின் பெயரை அறிந்து ஆறுதல் அடைகின்றனர். அறியும் உரிமையும் ஓர் உரிமையே. அதனாலேதான் என் நெஞ்சம் பல நாள் அலைந்தது. அந்தப் பட்டியலின் தலையில் நிற்கும் மனிதரும் யாரோ ஒரு தாயின் மகன். என் எச்சில் அவருக்கு ஒரு விடை தரலாம். அவ்விடை, இன்று விறாந்தையிலே இருக்கின்ற ஒருவருக்கோ, இன்று இல்லாத ஒருவருக்கோ, விசாரணையின்றி எழுதப்பட்ட தீர்ப்பாகவும் முடியலாம், முடியாமலும் விடலாம்.

மருமகன் பயணப்படுமுன் குழாயைத் திறவாமலே திருப்பிக் கொடுத்தேன். அவனுக்கு மனத்தாங்கல்தான்.

“அந்த மனிசனுக்கும் ஒரு உரிமை இருக்கெல்லே, மாமா?” என்றான்.

“இருக்குது தம்பி. அவருக்கு என்னட்டைக் கேக்க உரிமை இருக்குது. அந்தக் கம்பனிக்கு இல்லை” என்றேன்.

சிறிது நேரம் பேசாமல் இருந்து, “அப்ப நான் என்ரை விவரத்தையும் அழிக்கச் சொல்லி எழுதட்டோ?” என்று கேட்டான். அது நல்ல கேள்வி. முன்னரே ஆராய்ச்சிக்குப் போன விவரத்தை மீட்டல் இயலாது எனினும், அழிக்கச் சொல்லுதல் அவன் உரிமை. ஆனால், முதலில் அந்த மனிதருக்கு நான்கு வரி எழுதும்படி சொன்னேன். பட்டியலிலிருந்து திடீரென்று ஒரு பெயர் மறைந்தால், தம் முகத்திலே ஒரு கதவு அடிக்கப்பட்டதாக அவர் எண்ணக்கூடும். அவரை நாம் அறியோம். ஆயினும் அவ்வாறு செய்தல் நம் குடும்பத்துக்கு அழகன்று.

இதனைப் படிக்கும் மாணவர்க்கும் ஆசிரிய நண்பர்க்கும் நான் வேண்டுவது இவ்வளவே. வெளிநாட்டிலிருந்து இத்தகைய குழாய் உங்கள் வீட்டுக்கும் வரும். துப்புமுன் உடன்பிறந்தாரையும் பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒருமுறை கேளுங்கள். அக்கம்பனி நாளை விலைபோனால் உங்கள் எழுத்து யாரிடம் போகுமென்று கேளுங்கள். நோய் பற்றிய ஐயமாயின், கம்பனியிடமன்றி வைத்தியரிடம் செல்லுங்கள்.

நான் ஒரு துண்டிலே என் பெயரையும் விலாசத்தையும் தெளிவாக எழுதி, அந்த மனிதருக்கு அனுப்புமாறு மருமகனிடம் கொடுத்திருக்கின்றேன். இதுவரை கடிதம் வரவில்லை. வந்தால் அதனைப் பிரிப்பவனும் படிப்பவனும் நானாகவே இருப்பேன். பதிலும் என் கையாலேயே எழுதுவேன்.